அத்தர்க் கடையில் கஞ்சா வாசம்

அத்தியாயம் 14

பார்சலைப் பிரித்ததும் வீடு முழுக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு மணத்தது.

மும்பையிலிருந்து வந்த சீசா. மேலே ஒரு பச்சை இலைப் படம். ‘அசல் கஞ்சா வாசனை, போதை கிடையாது, சட்டப்படி குற்றமில்லை’ என்று மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தார்கள். ரிஃபானா இன்னொரு முறை முகர்ந்தாள். மூன்று மொழிகளிலும் பொய்.

கூடத்தில் இடியாப்பம் பிசைந்துகொண்டிருந்த ஜவஹர் அலி தலையைத் தூக்கவில்லை. பெருநாள் முடிந்த வாரத்திலிருந்து அவர் மகளோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மனைவி ஜுவைரியா வழியாகச் சொல்வார். அவள் பக்கத்தில் இல்லையென்றால் சுவரிடம் சொல்வார்.

“ஜுவைரியா, அது எலுமிச்சம்புல்லு. மேல லேசா யூகலிப்டஸ். எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்னு உன் மவள்ட்ட சொல்லு.”

“அவளுக்கும் காது இருக்குங்க,” என்றாள் ஜுவைரியா அடுப்படியிலிருந்து.

அவர் பேச்சை நிறுத்திய காரணம் தெருவுக்கே தெரியும். சென்னையில் மால்களுக்குக் கடை அலங்காரம் வரைந்துகொண்டிருந்த மகள், வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தாள். அரசலாற்றங்கரையில் ஒரு பழைய பண்டசாலையை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருக்கும் அறக்கட்டளை அவளிடம் மூன்றாம் கூடத்தைக் கொடுத்தது. கடல் கடந்துபோன சரக்குகள் என்பது பொதுத் தலைப்பு. முதல் கூடத்தில் அரிசி. இரண்டாவதில் துணி. மூன்றாவதற்கு நீயே ஒரு சரக்கைத் தேர்ந்தெடு என்றார்கள். அவள் கஞ்சாவைத் தேர்ந்தெடுத்தாள்.

ஐந்து வேளையும் தொழுகிற, அத்தர் விற்கிற மனிதரின் மகள். தெருவுக்கு மெல்லுவதற்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளைக்காரர்கள் கூடத்தைப் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் தலைவர் கையெழுத்துப் போடுவார், கூடம் திறக்கும். இல்லையென்றால் அங்கே பிரெஞ்சுக்காரன் காலத்துப் புகைப்படங்களை மாட்டிவிடுவார்கள். ஊரில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு அவை இருக்கின்றன.

அப்படி நடந்தால் ரிஃபானா சார்ஜாவுக்குப் போவாள். மாமா அங்கே விசாவோடு காத்திருக்கிறார். வேலைக்குப் பெயர் டிஸ்ப்ளே டிசைனர். உண்மையில் சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு டப்பாவைக் கோபுரமாக அடுக்குவது. தோற்றால் கிளம்புகிறேன் என்று உம்மாவிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஜெயிப்போம் என்ற திமிரில் கொடுத்த வாக்கு.

கூடத்தில் எல்லாம் தயார். வாசனை ஒன்றுதான் பாக்கி. அந்த வாசனைக்காகத்தான் கூடமே.

செடியைக் காட்ட முடியாது. இலையைக் காட்ட முடியாது. படத்தைக் காட்டலாம், அது எல்லோர் போனிலும் இருக்கிறது. அதனால் அவள் வேறு மாதிரி யோசித்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் பாய்மரக் கப்பல்களைக் கட்டியிழுத்த தடிக் கயிறு, அந்தச் செடியின் சாதி நாரில் திரித்தது. அப்புறம் சித்த வைத்தியர் மருந்து அரைத்த கல்வம். அப்புறம், வெள்ளைக்கார அரசாங்கமே ஏலம் விட்டு, வரி வாங்கிக்கொண்டு விற்கவிட்ட காலத்தின் கடை மேசையும் தராசும். அப்புறம் அதைத் தடை செய்த 1985ஆம் வருஷத்துச் சட்டம். அதற்குப் பிறகு வரிசையாகக் காலிக் கண்ணாடிப் பெட்டிகள். கடைசியில் ஒரு மரப்பெட்டி. அதில் மூக்கை நுழைக்கிற அளவுக்கு ஓர் ஓட்டை.

கண்ணுக்குக் காட்டக் கூடாததை மூக்குக்குக் காட்டுவது. இதை நினைத்த ராத்திரி அவள் தூங்கவில்லை.

இப்போது அந்த ஓட்டைக்குள் வைக்க அவளிடம் இருந்தது பாத்திரம் கழுவும் சோப்பு.

ஜவஹர் அலி கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்றார். கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார்:

“கடைக்கு நேத்து புது மரிக்கொழுந்து எண்ணெய் வந்துருக்கு. அதுல ஒரு கசப்பு இருக்கு. பச்சையான கசப்பு. சும்மா சொன்னேன்.”

அவர் போய்விட்டார். ரிஃபானா உம்மாவைப் பார்த்தாள்.

“என்னத்தப் பாக்குற,” என்றாள் ஜுவைரியா. “அந்த மனுஷனுக்கு ஒம் மேலதான் கோவம். வாசனை மேல இல்ல. ஓடு.”

•

கடை பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஆள் நின்றால் பின்னால் வருகிறவன் காத்திருக்க வேண்டிய அகலம். மூன்று பக்கமும் சீசா. பாதி ஆயுளை துபாய் தேராவில் ஒரு அரபியின் வாசனைக் கடையில் கழித்துவிட்டு வந்து ஜவஹர் அலி போட்ட கடை.

ரிஃபானா போனபோது அவர் போன் ஸ்பீக்கரில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொருள் ஒரு துளி கூட இல்ல ஹஜ்ரத். வேற வேற எண்ணெயச் சேத்து அது மாதிரி ஒரு வாசம். புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றதுக்கு.”

“வாசத்துல போதை ஏறுமா?”

“ஏறாது.”

“அப்ப எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? உங்க தெருகிட்டக் கேளுங்க.”

போனை வைத்தார். மகளைப் பார்க்காமல் கல்லாப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. நான் அத ஆயுசுல முகர்ந்ததில்ல. முகர்ந்தவங்க யாராச்சும் வேணும். நல்ல குடும்பமா இருக்கணும்.”

ரிஃபானாவுக்குச் சிரிப்பு வந்தது. யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. தமிழ்மொழியைக் கூப்பிட்டாள்.

தமிழ்மொழி அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். இப்போது போலீஸில் ஏட்டு. அன்று அவளுக்கு லீவு. தலத்தெருவிலிருந்து ஸ்கூட்டியில், ஈரத்தலையோடு வந்து சேர்ந்தாள். சின்ன வயசிலிருந்து அவளுக்கும் ஜவஹர் அலி வாப்பாதான்.

“எப்படியிருக்கும்னு சொல்லும்மா.”

“எரியுறதா, எரியாததா வாப்பா?”

ஜவஹர் அலி அசந்துபோனார். “ரெண்டு இருக்கா?”

“பொட்டலத்துல வேற, பத்த வச்சா வேற. எனக்குப் பொட்டலம்தான் பழக்கம். பிடிச்ச சரக்க அடுக்கி வைக்கிற ரூமுக்கு ஒட்டுனாப்ல எனக்கு டேபிள். எலுமிச்ச சாதம் கொண்டுபோனாலும் அந்த வாசம், தயிர் சாதம் கொண்டுபோனாலும் அந்த வாசம். சாக்கு நாத்தமும் அதுவும் கலந்து அடிக்கும். எங்க வீட்டுக்காரரு என் முடிய மோந்து பாத்துட்டு, இன்னக்கி எத்தன கிலோன்னு கேப்பாரு.”

“சரி. இத மோந்து பாரு.”

மரிக்கொழுந்தும் பச்சோலியும் கலந்து, ஒரு பஞ்சுக் குச்சியில் நீட்டினார்.

“இது கல்யாண வீடு.”

மிளகு எண்ணெய் சேர்த்தார். துளசி சேர்த்தார்.

“இது இருமல் மருந்து.”

வெட்டிவேரைக் கொஞ்சம் இறக்கினார்.

“இது ஏர்கூலர்.”

“ஏர்கூலரா?” அவருக்குச் சுருக்கென்றது. அசல் வெட்டிவேர் அது. ஆனால் கண் மட்டும் பளபளத்தது. தேராவில் ஷேக்குகளின் வீட்டுப் பெண்கள் ‘எங்க பாட்டி போட்டுக்கொண்ட வாசனை’ என்று வந்து நிற்பார்களாம். அவர்கள் சொல்கிற அரைகுறை வார்த்தைகளை வைத்துப் பிடித்துவிடுவாராம். அந்த வேட்டைக்காரன் இன்று எழுந்து உட்கார்ந்திருந்தான். துளசியைக் குறைத்தார். மிளகை ஏற்றினார். மரிக்கொழுந்தை மாற்றிப் போட்டார். தமிழ்மொழி ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்புச் சொன்னாள். பல் டாக்டர். புது பஸ். மார்கழி மாசத்துப் பெருமாள் கோயில்.

பக்கத்துச் செருப்புக் கடை அல்லா பிச்சை தலையை நீட்டினார். “என்ன ஜவஹரு, கடைல ரசம் வைக்கிறியா?”

“ஆமா. உனக்குத் தட்டு போடவா?”

“தும்மலா வருது. யாவாரத்தப் பாக்கவா, மூக்கச் சிந்தவா?”

அப்போதுதான் ஜுவைரியா பகல் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். சந்தில் இடமில்லாமல் படியில் உட்கார்ந்தாள். வரும் வழியில் மீன் குழம்புக்கு மாங்காய் வாங்கியிருந்தாள். பையில் காம்புப் பால் ஒழுகுகிறதென்று ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

தமிழ்மொழியின் தலை சட்டென்று திரும்பியது.

“உம்மா, அத இன்னொரு தடவ கிள்ளுங்க.”

“எத?”

“மாங்காயத்தான். இங்க கொண்டாங்க.”

மாங்காய்க் காம்பில் கசிந்த பாலை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். “இது இருக்கு அதுல. வாப்பா, இது இருக்கு.”

கடையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ரிஃபானா மாங்காய்களைக் கிள்ளினாள். ஜவஹர் அலி பாலைக் கண்ணாடித் தட்டில் ஏந்தினார். மிளகோடு சேர்த்தார். துளசி ஒரு துளி. குச்சியை நீட்டினார்.

“கிட்ட வந்துட்டீங்க. ஆனா இது ரொம்ப சுத்தமா இருக்கு. அதுல ஒரு கெட்ட நாத்தம் இருக்கும். அழுகலும் இல்ல. வேர்வையும் இல்ல. பக்கத்து வீட்டுல யாரோ ஏதோ தப்புப் பண்ற மாதிரி.”

“பெருங்காயம்,” என்றாள் ஜுவைரியா, படியிலிருந்து, யாரும் கேட்காமலே. “கட்டிப் பெருங்காயம். டப்பாவ மூடாம வச்சா அப்படித்தான் இருக்கும்.”

அல்லா பிச்சையின் மகனை மளிகைக்கு அனுப்பி வாங்கினார்கள். ஊசிமுனை அளவு பெருங்காயம் உள்ளே போனது.

தமிழ்மொழி முகர்ந்தாள். திரும்ப முகர்ந்தாள். தன் சுடிதார் துப்பட்டாவை ஒரு தரம் மோந்து பார்த்துக்கொண்டாள்.

“எனக்கு இன்னக்கி லீவுதானே?” என்றாள்.

ஜவஹர் அலி கையை ஓங்கி மேசையில் அடித்தார். சீசாக்கள் குலுங்கின.

“புள்ள, அந்தச் சந்தன எண்ணெய எடு.”

ரிஃபானா எடுத்துக் கொடுத்தாள். அவர் அளந்து ஊற்றிக் கலக்கினார். பிசகில்லாத கை. சாராய வகை என்பதால் ஸ்பிரிட் அந்தக் கடைக்குள் வந்ததே இல்லை. எந்த வாசனையாக இருந்தாலும் அது சந்தன எண்ணெயில்தான் இறங்கும். அவர் வாப்பா அப்படித்தான் செய்தார், இவரும் அப்படித்தான்.

மகளிடம் நேராகப் பேசிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. மகளும் கவனிக்கவில்லை. ஜுவைரியா மட்டும் கவனித்தாள். அதைச் சொல்லிக் கெடுக்க விரும்பாமல் டிபன் கேரியரை உரக்க மூடினாள்.

•

பண்டசாலை வரைக்கும் ஜவஹர் அலி வந்தார். உள்ளே வர மாட்டேன் என்றார். வெளியே புங்கமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே காலடி வைக்க மாட்டேன் என்று ஒரு கோபத்தில் சொல்லியிருந்தார். சொன்னது சொன்னதுதான்.

அஸர் முடிந்து அவர்கள் வந்தார்கள்.

அறக்கட்டளைத் தலைவர் ஆந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். முதுகுக்குப் பின்னால் ஊர் அவரைப் பட்டாளத்தான் என்ற பொருளில் ‘சொல்தா’ என்னும், நேரில் மரியாதையாக ‘முசே’ என்னும். மே மாத வெயிலிலும் கோட்டு. முழங்கால் வலிக்கு ஒரு கைத்தடி. கூடவே அவர் தங்கை ரோசலி, ரிட்டயர்டு டீச்சர், அறக்கட்டளை உறுப்பினர். பின்னால் வம்பு வராமல் இருக்கட்டுமென்று ஓர் இன்ஸ்பெக்டரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும், ரிஃபானாவோடு வந்திருந்த தமிழ்மொழி லீவிலும் விறைப்பாக நின்றாள்.

தொடக்கம் நன்றாகப் போனது. ஆந்துவான் கயிற்றைக் கையால் தடவிப் பார்த்தார். ரோசலி கல்வத்தின் முன்னால் நின்று, தன் தாத்தாவின் வயிற்றுவலி லேகியத்தைப் பற்றிப் பேசினார். இன்ஸ்பெக்டர் காலிக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் நின்றார்.

“இதுல ஒண்ணும் இல்லையேம்மா?”

“அதுதான் சார் சட்டம்.”

அவர் மீசைக்கு அடியில் சிரித்தார். ரிஃபானாவுக்குச் சார்ஜா தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் மரப்பெட்டி. ரோசலிதான் முதலில் மூக்கை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“எவ்வளவு நல்லாருக்கு. ஞாயித்துக்கிழம பூசைக்குப் போட்டுட்டுப் போவலாம் போல. இது எங்க விக்கிதும்மா?”

ரிஃபானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

“ஏம்மா, இத மோந்த பள்ளிக்கூடத்துப் புள்ள நாளைக்கு இது எங்க கெடைக்கும்னு தேடாதா? நானே தேடுவேன் போலருக்கு.”

ஆந்துவான் தடியை ஊன்றிக் குனிந்து, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார்.

“இல்ல மத்மாசெல். இது ரொம்ப மரியாதையான வாசனை. அது இப்படி இருக்காது.”

பட்டாளத்து மனிதர், பல ஊர் பார்த்தவர் என்று எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள்.

“மத்ததெல்லாம் நல்லா பண்ணியிருக்க,” என்றார் அவர். “ஆனா இந்தப் பெட்டி பொய் சொன்னா கூடமே பொய். பெட்டிய எடுத்துட்டா வெறும் கயிறும் கல்லும். அதுக்குப் போட்டோவே மாட்டிடலாம். நாங்க ஆத்தங்கரைல காத்து வாங்குறோம். பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் உனக்கு நேரம்.”

ரிஃபானா சீசாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

•

ஜவஹர் அலி மூடியைத் திறந்து ஒரு தடவைதான் முகர்ந்தார். முகம் விழுந்துவிட்டது.

“சந்தனம்.”

“என்ன வாப்பா?”

“போட்டப்ப அடில கெடந்துச்சு. வெயில்ல பெருங்காயம் பறந்துட்டு, மாங்கா பறந்துட்டு. இது மேல வந்துட்டு.” அவர் தன் வலது கையைப் பார்த்தார், வேறு யாருடையதோ போல. “இது விக்கிற கை, புள்ள. எதக் குடுத்தாலும் நல்லாக்கிப்புடும்.”

“சந்தனம் இல்லாம வேற எதுலயாச்சும் கலங்க.”

“தேங்கா எண்ணெய் மணக்கும். நல்லெண்ணெய் மணக்கும்.”

“ஸ்பிரிட்டு?”

“மாட்டேன்.”

அதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அங்கே பேச்சுக்கு இடமில்லை. ரிஃபானா புங்கமரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஆற்றங்கரையில் மூன்று பேரின் முதுகும் தெரிந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

எதில் கலப்பது? காலையில் தமிழ்மொழி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அந்த ரூமில் சீசா எதுவும் கிடையாது.

“வாப்பா, எண்ணெயே வேணாமே. சாக்கு. ஈரச் சாக்குல பச்சையா அப்பிட்டா?”

ஜவஹர் அலி அவளைப் பார்த்தார். பல வாரத்துக்கு அப்புறம் முழுசாகப் பார்த்தார்.

“நாறும்,” என்றார்.

“நாறணும்.”

அவர், தேவைப்பட்டால் என்று ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வந்திருந்த முழு மிளகையும் பெருங்காயத்தையும் துளசித் தழையையும் அள்ளிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். சொன்ன வார்த்தை வெளியே செருப்போடு கிடந்தது.

மாங்காய்க்கு எங்கே போவது? பண்டசாலையின் பின்சுவருக்கு மேலே ஒரு கிளை தொங்கியது. மரம் ரோசலி டீச்சர் வீட்டுது. தமிழ்மொழி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரில் ஏறினாள்.

“திருட்டு மாங்கா. கேஸ எவளாச்சும் எழுதிக்கங்கடி,” என்று ஒவ்வொன்றாக எறிந்தாள்.

அரைக்க அம்மி இல்லை. ரிஃபானா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. காட்சிக்கு வைத்திருந்த கல்வத்தைத் தரையில் இறக்கினாள். ஜவஹர் அலி சம்மணம் போட்டு உட்கார்ந்து மிளகை நசுக்கினார், துளசியைக் கசக்கினார், பெருங்காயத்தைக் கடையில் போட்டதைவிடத் தாராளமாகப் போட்டார். கயிறு சுற்றிவந்த கோணிச் சாக்கை ரிஃபானா கிழித்து நனைத்தாள். இரண்டு பேருமாக அதில் தேய்த்தார்கள். தேய்த்துக்கொண்டே அவர் சுவரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கப்பல், தராசு, காலிப் பெட்டி.

“இதெல்லாம் யாரு வரஞ்சது?”

“நான்தான்.”

“ம்,” என்றார். தேய்த்தார்.

சாக்கைப் பெட்டிக்குள் திணித்து மூடியபோது தமிழ்மொழி சுவரேறிய முழங்கை சிராய்ப்போடு உள்ளே வந்தாள். ஓட்டைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அய்யோ, என் டேபிளு,” என்றாள்.

•

பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் மூவரும் திரும்பினார்கள். ரோசலி ஓட்டையில் மூக்கை வைத்தார். பட்டென்று எடுத்தார். முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

“ச்சீ.”

ஒரு ‘ச்சீ’க்காக ரிஃபானா அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

இன்ஸ்பெக்டர் முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். மீசைக்கடியில் இருந்த சிரிப்பு காணாமல் போயிருந்தது. பெட்டியிலிருந்து ஓரடி பின்னால் வந்தார்.

“இத எங்கேர்ந்து கொண்டாந்தீங்க?”

“மாங்கா சார்,” என்றார் ஜவஹர் அலி.

“மாங்கா.”

“மாங்காப் பாலு. மிளகு. பெருங்காயம். சாக்கு.”

“பாய், நான் சர்வீஸ்ல பாதிய இந்தச் சரக்கோட ஓட்டியிருக்கேன். எங்கிட்ட மாங்காங்குறீங்க.”

ஜவஹர் அலி பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது. எந்த ஷேக்கும் அவருக்கு இப்படி ஒரு பாராட்டைக் கொடுத்ததில்லை. ரிஃபானாதான் பயந்தாள். மணந்தபோது தோற்றாள், நாறியபோது மாட்டிக்கொண்டாள்.

“சாக்கப் பிரிச்சுக் காட்டுறேன் சார்.”

“நீ காட்டுறத நான் நம்பணும். என் ஏட்டும் இதுல கூட்டு.” தமிழ்மொழியைத் திரும்பிப் பார்த்தார். அவள் காலிக் கண்ணாடிப் பெட்டியை உற்றுப் பார்த்தாள். “கீழவாஞ்சூர்ல லாரி செக் பண்ணிட்டு நம்ம நாய் வண்டி திரும்பிட்டு இருக்கு. ஒரு நடை இங்க வந்துட்டுப் போவட்டும். அது சொல்லட்டும்.”

வண்டி வருவதற்குள் ஜவஹர் அலி ஓரமாகத் துண்டை விரித்து மஃரிப் தொழுதார். ஆந்துவான் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “நாயெல்லாம் எதுக்கு இன்ஸ்பெக்டர், எனக்கு நம்பிக்கை இருக்கு,” என்று இரண்டு முறை சொன்னார்.

நாயின் பெயர் ரூபி. இறுகின உடம்பு, சலித்த முகம். “இது கொலைக்காது,” என்றார் பிடித்து வந்த காவலர். “இருந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி போயி உக்காந்துக்கும். அவ்வளவுதான்.”

ரூபி கயிற்றை மோந்தது. கல்வத்தில் மூக்கை வைத்துத் தும்மியது. மரப்பெட்டிக்கு வந்தது. ஓட்டைக்குள் மூக்கை விட்டது. நாய் மூக்கை எடுத்துவிட்டு, இதற்கா என்னைக் கூப்பிட்டீர்கள் என்பதுபோலக் காவலரைப் பார்த்தது.

உட்காரவில்லை.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “ரூபிக்கு மாங்கா புடிக்காது போலருக்கு. பாய், நீங்க நம்ம டிபார்ட்மெண்டுக்கு வந்துருக்க வேண்டிய ஆளு.”

“தமிழு சொல்லித்தான் புடிச்சேன்,” என்றார் ஜவஹர் அலி. “என் மவதான் சாக்க யோசிச்சா.”

என் மவ. ரிஃபானாவுக்குக் கேட்டது. இந்த முறை அவரும் கவனித்துத்தான் சொன்னார்.

“அலோர், அப்ப சரி,” என்றார் ஆந்துவான், பேனாவைத் திறந்துகொண்டு. “சட்டுனு முடிச்சுடுவோம்.” ரிஃபானா தாளை அந்தக் கடை மேசையின் மேல், தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் குனிந்தார். பேனா தாளைத் தொட்டது.

ரூபியைக் காவலர் வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போனார். மேசையைத் தாண்டும்போது நாய் நின்றது. அவர் இழுத்தார். அது வரவில்லை. திரும்பியது. இரண்டடி வந்தது. முதுகை நிமிர்த்தி, ஆந்துவானின் கோட்டுப் பைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டது.

“சார்,” என்றார் காவலர், ரொம்பச் சன்னமாக.

ரோசலி டீச்சரின் முந்தானை இன்னும் மூக்கில் இருந்தது. ஆந்துவான் நாயைப் பார்த்தார். நாய் ஆந்துவானைப் பார்த்தது. அவர் ஒரு கையால் வலிக்கிற முழங்காலையும் மறு கையால் கோட்டுப் பையையும் பொத்திக்கொண்டார். தாளில் கையெழுத்தின் முதல் எழுத்து மட்டும்தான் விழுந்திருந்தது.

ஜவஹர் அலியின் மூக்கு விடைத்தது. கால் தானாக ஓரடி முன்னால் போனது. கண்ணை மூடி, அந்தக் கோட்டின் பக்கமிருந்து வந்த காற்றை மெதுவாக உள்ளே இழுத்தார். பிறகு மகளின் காதருகில் குனிந்தார்.

“மிளகக் கொஞ்சம் கொறச்சிருக்கணும், புள்ள,” என்றார்.